கிணற்றின் ஜி.பி.எஸ். இருந்தால் பெயர் எதற்கு?

கேள்வி கேட்டவர் திருகோணமலையில் சிறுநீரக நோய் பற்றிய ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் தரவுப் பொறுப்பில் இருக்கும் ஒரு தம்பி. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "பதவி சிறிபுர, கோமரங்கடவல, குச்சவெளி, தம்பலகாமம் பக்கங்களில் 386 பேரிடம் இரத்தம், சிறுநீர், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தோம். ஆய்விதழ் தரவைத் திறந்து வெளியிடச் சொல்கிறது. நெறிமுறைக் குழு இரகசியம் காக்கச் சொல்கிறது. பெயரை அழித்து, அடையாள அட்டை இலக்கத்தை ஹாஷ் செய்து, எக்செல் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும்தானே அண்ணா?"

போதாது தம்பி. அதற்காக எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோப்பில் வெளியே போகக்கூடியது நிறைய இருக்கிறது, போகக்கூடாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எது என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. பதினைந்து வருடமாக வைத்திய ஆய்வுத் தரவோடு மல்லுக்கட்டுகிறேன். பிழை விட்டுப் படித்ததும் உண்டு. அதையும் கீழே சொல்கிறேன்.

பெயர் போன பிறகு உங்கள் அட்டவணையில் மிஞ்சும் நிரல்கள்: பிறந்த திகதி, பால், கிராம சேவகர் பிரிவு, இனம், தொழில், கிணற்றின் ஜி.பி.எஸ்., இரத்தம் எடுத்த நாள், கிரியேற்றினின், சிறுநீரில் அல்புமின் (இரண்டும் சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுபவை), தண்ணீரில் புளோரைட்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012 குடிசன மதிப்பீட்டின்போது மாவட்டத்தில் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். கிராம சேவகர் பிரிவுகள் 230. ஒரு பிரிவுக்குச் சராசரி 1,650 பேர், அதில் ஆண்கள் 800 சொச்சம். எண்பது வருடத்துக்குள் இருக்கும் நாட்கள் 29,000க்கும் மேல். 29,000 பெட்டிகளில் 800 பேரைப் போட்டால் ஒரே பெட்டியில் இருவர் விழுவது அபூர்வம். பிரிவு, பால், பிறந்த திகதி மூன்றும் தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தனித்து நிற்பார்கள். பெயர் எழுதாத குறைதான்.

அமெரிக்காவில் இதை ஒரு மாணவி செய்தே காட்டினார். 1990களில் மாசசூசெட்ஸ் அரச ஊழியர்களின் வைத்தியசாலைத் தரவு, பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது பட்டப்பின் படிப்பில் இருந்த லத்தான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் இடாப்பை 20 டொலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த நாளில் பிறந்தவர்கள் அந்த நகரில் ஆறு பேர், அவர்களில் ஆண்கள் மூவர், அவருடைய தபால் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆளுநரின் மருந்துச் சீட்டு வரை கைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் இருபது டொலர்கூட வேண்டாம். வாக்காளர் இடாப்பு கிராம சேவகர் அலுவலகத்தில் பார்வைக்குத் தொங்குகிறது, பிறந்த நாள் முகப்புத்தகத்தில் கிடக்கிறது.

"386 பேர்தானே, அவர் இதில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும்: மாதிரிக்குள் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதே ஒரு மறைப்பு என்று. அது இலண்டனுக்குச் சரி. நீங்கள் ஆட்டோவில் குளிர்ப்பெட்டியோடு போய் இறங்கி, வாளி விட்டுக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி, போத்தலில் லேபிள் ஒட்டிய அன்றே அந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும். யார் வீட்டுக்குப் போனீர்கள், யார் "ஊசி வேண்டாம் மகன்" என்று திருப்பி அனுப்பினார்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஆகவே அந்த மறைப்பைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கிரியேற்றினின் 3.2 என்று இருக்கிற வரி யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஹக்கர்கள் இல்லை; கலியாணம் பேசுகிற வீட்டார், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி, ஆயுள் காப்புறுதி முகவர். எல்லாரும் தெரிந்த முகங்கள்.

அடையாள அட்டைக்கு வருவோம். ஹாஷ் என்றால் ஓர் இலக்கத்தை ஒரு சூத்திரத்தில் போட்டு வேறோர் எழுத்துத் தொடராக மாற்றுவது. அப்படிச் செய்த இலக்கம் பார்க்க எழுத்துக் குப்பை மாதிரித்தான் இருக்கும், திருப்பி எடுக்கவும் வழியில்லை. ஆனால் எல்லா இலக்கங்களையும் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். மிச்சம் நான்கே இலக்கம், அதாவது பத்தாயிரம் சாத்தியம். உங்கள் கோப்பிலேயே பிறந்த திகதியும் பாலும் இருக்கின்றன. பத்தாயிரம் முறை முயன்றால் இலக்கம் வெளியே வந்துவிடும். மடிக்கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். திகதியை நீக்கினாலும் அறுபது வருடத்து ஆண், பெண் இலக்கங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 44 கோடிதான். ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள் ஆகிவிடும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் இதே கட்டமைப்புத்தான், கொஞ்சம் நீளம். 2014இல் நியூயோர்க் டாக்சிப் பயணத் தரவு வெளிவந்தபோது வண்டி இலக்கங்களை இப்படித்தான் ஹாஷ் செய்திருந்தார்கள். உடனேயே ஒருவர் அத்தனையையும் உடைத்துவிட்டார். எனவே ஹாஷ் வேண்டாம். ஆய்வு இலக்கம் என்று குலுக்கிப் போட்ட ஓர் எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற தாள் தனியாக, வேறு ஒருவர் கையில், பூட்டுக்குள் இருக்கட்டும்.

இனிக் கிணறு. உங்கள் கோப்பிலேயே ஆபத்தான நிரல் அதுதான், ஆய்வுக்கு மிகவும் தேவையான நிரலும் அதுதான். தொலைபேசி ஜி.பி.எஸ். ஆறு தசம தானம் எழுதும். ஐந்தாவது தானமே ஒரு மீற்றர். கிணற்றுக் கட்டில் நின்றீர்களா, வேலியோரம் நின்றீர்களா என்பது வரை சொல்லும். இரண்டு தானத்தில் நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்கு மங்கும். நகரத்துக்குள் அது போதும், கோமரங்கடவலயில் ஒரு கிலோமீற்றருக்குள் நான்கு வீடுதான் இருந்தால் போதாது. உலகளாவிய குடித்தொகை, சுகாதார அளவீடுகளில் வேறொரு வழி பிடிக்கிறார்கள்: புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்துவது. நகர்ப்புறத்தில் 2 கிலோமீற்றர் வரை, கிராமத்தில் 5 வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 வரை தள்ளிவைப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் பாதிக் கிணறு கொட்டியாரக் குடாவுக்குள் போய் விழும், கவனம்.

நான் இதை வேறு விதமாகச் செய்வேன். இடம் எதற்காக வேண்டும் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்குத் தண்ணீர்தான் வேண்டும், இடம் தண்ணீருக்குப் பதிலாள். புளோரைட்டு, கடினத்தன்மை, கிணற்றின் ஆழம், வயலிலிருந்து தூரம் இவற்றை நீங்களே கணக்கிட்டு வரியில் எழுதிவிட்டு ஜி.பி.எஸ். நிரலை வெளிக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆய்வு செய்பவருக்கு இழப்பு மிகக் குறைவு. ஒரு எச்சரிக்கை: கிணறுகளின் தண்ணீர் அளவீடுகளை வேறு யாராவது இடத்தோடு வெளியிட்டிருந்தால் 1.37 என்ற உங்கள் எண்ணை வைத்தே கிணற்றைப் பிடித்துவிடலாம். 1.4 என்று வட்டமாக்குங்கள்.

பிறந்த திகதி போய் ஐந்து வயதுத் தொகுதி வரட்டும். கிராம சேவகர் பிரிவு போய்ப் பிரதேச செயலகப் பிரிவு வரட்டும். தொழிலில் விவசாயம், மற்றவை என்ற இரண்டே போதும், உங்கள் கேள்விக்கு அதற்கு மேல் தேவையில்லை. இனம் தேவையா என்று குழுவில் உட்கார்ந்து பேசுங்கள்; வழக்கமாகப் படிவத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். இரத்தம் எடுத்த நாளைத் தொட முன்னர் யோசியுங்கள். பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைத் தரவான மிமிக்கில் ஒவ்வொரு நோயாளியின் திகதிகளையும் ஒரே அளவால் நகர்த்தி, 2100ஆம் ஆண்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இடைவெளியும் பருவமும் கெடவில்லை, உண்மை நாள் மட்டும் மறைந்துவிட்டது. ஒரு சிறு இணையப் பாடம் முடித்து, உடன்பாட்டில் கையொப்பம் வைத்தால் அந்தத் தரவு உங்களுக்கும் இலவசம். பழகிப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் ஆய்வில் இவ்வளவு தேவையில்லை. வெயில் காலத்தில் எடுத்ததா, மாரியில் எடுத்ததா என்று இரண்டாகப் பிரித்தால் உடல் நீரிழப்பின் தாக்கத்தைப் பார்க்க அது போதும்.

"அட்டவணைதானே, தனி ஆள் இல்லையே" என்று நினைத்தும் ஏமாறாதீர்கள். உதாரணத்துக்கு, கட்டுரையின் ஓர் அட்டவணையில் நோய் முற்றியவர்கள் மொத்தம் 41 என்கிறீர்கள். பதவி சிறிபுர 22, கோமரங்கடவல 11, தம்பலகாமம் 7. குச்சவெளியில் ஐந்துக்குக் குறைவு என்பதால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. 22, 11, 7 கூட்டினால் 40. கோடு போட்ட கட்டத்தில் இருப்பவர் ஒருவர். பக்கத்து அட்டவணையில் குச்சவெளிப் பெண்களில் யாருமில்லை என்றிருந்தால் அவர் ஆண். அடுத்ததில் வயதும் வந்துவிடும். ஒரு கட்டத்தை மறைத்தால் இன்னொன்றையும் மறைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துவிட வேண்டும்.

என் பிழை என்று சொன்னேனே, அதுவும் அட்டவணைதான். பல வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு, பெயரில்லாத அழகான பிவட் அட்டவணை (மூலத் தரவை எக்செல் தானே எண்ணித் தொகுத்துத் தருவது) ஒன்றை மின்னஞ்சல் செய்தேன். மறுநாள் அங்கிருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, இந்த 7ஐ இரண்டு தரம் அழுத்தினேன், ஏழு பேரும் பெயரோடு வந்து நிற்கினம்" என்றார். பிவட் தன் வயிற்றுக்குள் மூலத் தரவு முழுவதையும் வைத்துக்கொண்டு போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நல்ல மனுசி, கோப்பை அழித்துவிட்டு எனக்கும் சொன்னார். அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி, நோட்பேடில் திறந்து, ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டே அனுப்புகிறேன். நீங்களும் மறைத்த நிரல், இரண்டாம் தாள், கலத்தில் எழுதிய குறிப்பு மூன்றையும் தேடுங்கள். "குறிப்பு" என்ற நிரலில் எங்காவது "பள்ளிக்கூட அதிபரின் தம்பி" என்று யாராவது எழுதியிருப்பார்கள். எப்போதும் இருக்கும்.

இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் வெளியிட வேண்டும்? நெறிமுறைக் குழுவில் யாராவது இப்படிக் கேட்டால் 2020ஐ நினைவுபடுத்துங்கள். கொவிட் நோயாளிகளுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று, 671 வைத்தியசாலைகளின் 96,000 நோயாளிகள் என்ற பெயரில் லான்செட்டில் ஒரு கட்டுரை மே மாதம் வந்தது. உலக சுகாதார நிறுவனமே தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பகுதியை இடைநிறுத்தியது. எண்கள் உதைக்கின்றனவே என்று பலர் கேட்க, தரவை வைத்திருந்த சேர்ஜிஸ்பியர் நிறுவனம் வாடிக்கையாளர் உடன்பாடு, இரகசியம் என்று சொல்லி வெளித் தணிக்கைக்குத் தர மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. நோயாளியைக் காக்கவென்று வந்த "இரகசியம்" என்ற சொல் ஆய்வாளரைக் காக்கவும் கைகொடுக்கும்.

நீங்கள் ஆராயும் சிறுநீரக நோயையே எடுங்கள். வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது. இன்றுவரை காரணம் ஒருமுகமாக முடிவாகவில்லை: புளோரைட்டும் கடின நீரும் என்கிறார்கள், விவசாய இரசாயனம் என்கிறார்கள், வெயிலில் நீரிழப்பு என்கிறார்கள். முந்நூறு, நானூறு பேர் கொண்ட ஆய்வுகள் ஒவ்வொன்றும் தன் எக்செலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தால் இந்த வாதம் தீராது. பதவி சிறிபுரவின் வரிகள் எல்லைக்கு அப்பால் பதவியாவின் வரிகளோடு சேர்ந்தால்தான் ஏதாவது தெரியும். இரத்தம் கொடுத்தவர்களும் அதற்காகத்தானே கை நீட்டினார்கள்?

நடைமுறைக்கு வாருங்கள். திறப்பதா, பூட்டுவதா என்று கோப்பு முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை. பகுப்பாய்வு நிரல்வரிகள் (கணக்கிடக் கணினிக்கு எழுதிய கட்டளைகள்), அட்டவணையின் ஒவ்வொரு நிரலும் என்ன, எந்த அலகு, எந்தக் கருவியால் அளந்தது என்ற விளக்கத் தாள், வெற்றுப் படிவம் ஆகியவற்றில் ஒரு நோயாளியும் இல்லை. அவற்றை இன்றைக்கே திறந்து வையுங்கள். பலர் இதைச் செய்யாமல் நோயாளிகளின் வரிகளைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள், எனக்கு அது விளங்குவதே இல்லை. மேலே சொன்ன மாதிரி மங்கலாக்கிய கோப்பில் வயதுத் தொகுதி, பால், பிரதேசம், தொழில் நான்கும் ஒரே மாதிரி இருப்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்து பேராவது இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். இல்லாவிட்டால் கோமரங்கடவலயைப் பதவி சிறிபுரவோடு சேருங்கள், வயதைப் பத்தாக்குங்கள். ஐந்து பேர் இருந்தும் ஐவருக்குமே நோய் முற்றியிருந்தால், எந்த வரி யாருடையது என்று தெரியாமலே நோய் வெளியாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். அதையும் சரிசெய்த பிறகே அது பொதுவெளிக்குப் போகலாம்.

முழு வரிகள் கேட்டு வருபவருக்கே. செனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் விவரத்தை எல்லாரும் பார்க்கலாம், கோப்பை அனுமதி பெற்றவர் மட்டும் எடுக்கலாம் என்று வைக்க முடியும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, கோப்பை அனுப்பாமல் கேள்வியை வரவழைப்பது. இங்கிலாந்தில் கொவிட் காலத்தில் ஓபன்சேஃப்லி என்ற அமைப்பை இப்படித்தான் கட்டினார்கள். ஆய்வாளர் போலித் தரவில் தன் நிரல்வரியை எழுதிச் சோதிப்பார். அது உண்மைப் பதிவுகள் இருக்கும் இடத்துக்குப் போய் ஓடும். சரிபார்த்த அட்டவணை மட்டும் வெளியே வரும். யார் என்ன ஓட்டினார்கள் என்பது பகிரங்கம். ஒரு கோடியே 72 லட்சம் வளர்ந்தோரின் பதிவை ஒருவரும் கையில் எடுக்காமல் 2020இலேயே கட்டுரை வந்தது. உங்களுக்குப் பெரிய சேவர் வேண்டாம். அதே நிரல்களோடு போலி வரிகள் நூறு செய்து வெளியில் வையுங்கள். யாராவது நிரல்வரி அனுப்பினால் உங்கள் கணினியில் ஓட்டி, அட்டவணையைப் பார்த்து அனுப்புங்கள். வருடத்துக்கு இரண்டு பேர் கேட்டால் அதிகம்.

எண்களைக் குலுக்கல் முறையில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, அதாவது "சத்தம்" கலந்து, மறைக்கும் வித்தை ஒன்றும் உண்டு. அமெரிக்கக் குடிசன மதிப்பீடு 2020இல் அதைத்தான் செய்தது. 386 பேருக்குச் சத்தம் கலந்தால் சத்தம்தான் மிஞ்சும். விடுங்கள்.

எஞ்சிய இரத்தத்தில் பின்னால் டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் குழுவில் யாருக்காவது இருந்தால் இந்த அறிவுரை எல்லாம் போதாது. வயதைத் தொகுதியாக்கி மங்கலாக்குவது மாதிரி டி.என்.ஏ.வை மங்கலாக்க முடியாது. பலருடைய மரபணுத் தரவைக் கூட்டிக் கொடுத்த எண்களுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம் என 2008இல் தெரிந்ததும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் திறந்து வைத்திருந்த அட்டவணைகளையே இழுத்து மூடின. ஒருவர் கொடுத்தால் அவருடைய மச்சாள் பிள்ளைகள் வரைக்கும் கொடுத்த மாதிரி. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் தங்கள் முழு மரபணு வரிசையையும் உலகுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேட்டு, தெரிந்தே கொடுத்தது அது. உங்கள் 386 பேரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அதனால் எதற்கும் முன்னர் சம்மதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் படிவம் வேண்டாம், அவர்கள் கையொப்பம் வைத்த தமிழ், சிங்களப் படிவங்கள். நான் பார்த்த ஓர் ஆய்வில் ஆங்கிலத்தில் "இரகசியம் பேணப்படும்" என்ற பொருளில் இருந்த வரி, தமிழில் "இத்தகவல்கள் வேறு எவருக்கும் வழங்கப்படமாட்டா" என்று ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் நல்ல எண்ணத்தில் இறுக்கி எழுதிவிட்டார். கையொப்பம் வைத்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தமிழ் வரிதான். உங்கள் படிவமும் அப்படி இருந்தால் மங்கலாக்கிய கோப்பைக்கூட நெறிமுறைக் குழுவின் எழுத்து மூல முடிவு இல்லாமல் வெளியே விடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவை விசேட வகையில்தான் வைத்திருக்கிறது. அடுத்த ஆய்வுக்கு இப்படி எழுதுங்கள்: "உங்கள் பெயர், முகவரி, வீட்டின் இடம் எங்கள் குழுவுக்கு வெளியே போகாது. அவை நீக்கப்பட்ட அளவீடுகளை மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்துவார்கள். உங்களை அடையாளம் காண முடியாதபடி முயல்வோம். அடையாளம் காணவே முடியாது என்று உறுதி சொல்ல எங்களால் இயலாது. இது வேண்டாம் என்றால் சொல்லுங்கள், சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது." வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு தனிப் பெட்டியும் படிவத்தில் இருக்கட்டும்.

ஆய்விதழுக்குப் பயப்படாதீர்கள். பெரும்பாலான இதழ்கள் நெறிமுறைக் காரணத்தை ஏற்கும். "ஆசிரியரிடம் கேளுங்கள்" என்று மட்டும் எழுதினால்தான் முகம் சுழிப்பார்கள், ஏனென்றால் ஆசிரியர் நாளை கனடாவுக்குப் போய்விடுவார். தரவுக் கூற்றை ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் எழுதுங்கள்: பகுப்பாய்வு நிரல்வரிகளும் தரவு விளக்கமும் போலித் தரவும் களஞ்சியத்தில் திறந்திருக்கின்றன, வயதும் இடமும் தொகுக்கப்பட்ட தரவு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அங்கேயே இருக்கிறது, முழுத் தரவில் சிறு கிராமங்களின் பங்கேற்பாளர்களை அடையாளம் காண முடியும் என்பதால் அதற்கான விண்ணப்பங்களை நெறிமுறைக் குழுச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். செயலாளரின் பதவி மின்னஞ்சலைப் போடுங்கள், உங்கள் ஜிமெயிலை அல்ல.